சிகாகோ ராபி ஹவுஸ் வெளிப்புற போட்டோ: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

சிகாகோல இருக்கற மக்களே, ஒரு ஹெல்ப். அடுத்த மாசம் அங்க வரேன், ஆர்க்கிடெக்ட் ஃப்ராங்க் லாய்ட் ரைட் கட்டின ராபி ஹவுஸை (1910) வெளிய இருந்து மட்டும் நிதானமா போட்டோ எடுக்கணும், உள்ள டூர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். 58வது தெரு பக்கம் தெற்கு பாத்து நிக்குற வீடு, அதனால காலைல போறதா சாயங்காலம் போறதான்னே குழப்பமா இருக்கு, அந்த நீட்டிக்கிட்டு நிக்குற கூரையோட நிழல் ஜன்னல் மேல விழுந்து கண்ணாடி டிசைன் மறைஞ்சிடுமோன்னு வேற பயம். மரத்துல இலை இருந்தா முழு வீடும் ஃப்ரேம்ல கிடைக்குமா? வைட் லென்ஸ் போட்டா அந்த நேர்கோடெல்லாம் வளைஞ்சிடும், இந்த வீட்டுக்கு அழகே அதுதானே.

செங்கல்லையும் க்ளோஸ்அப்ல எடுக்கணும். செங்கல்லுக்கு நடுவுல, படுக்கை வாட்டத்துல இருக்கற பூச்சை உள்ள தள்ளி விட்டுட்டு, செங்குத்து இடைவெளில மட்டும் செங்கல் கலர்லயே மட்டமா பூசியிருப்பாங்க, அதான் சுவர் பூரா கோடு கோடா ஓடுற மாதிரி தெரியும். என்னா மூளை பாருங்க! இதுக்கு நடைபாதையில இருந்தே ஜூம் போதுமா, இல்ல டிக்கெட் எடுத்து முற்றத்துக்குள்ள போகணுமா? ட்ரைபாட் வச்சா யாராச்சும் வந்து கேப்பாங்களா? பார்க்கிங் எப்படி, இல்ல 59வது தெரு ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாமா? சமீபத்துல போனவங்க சொன்னா நல்லாருக்கும்.