இசட் ஷெல்லில் 19 ப்ளக்இன்: எதை வைப்பது, எதைத் தூக்குவது?

பட்டாலை (காரைக்குடி) எழுதியது:

வணக்கம். கேள்வி சின்னதுதான், ஆனால் நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும்.

நான் புரோகிராமர் இல்லை. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் விற்கும் சிலருக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். மரவை, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, கொட்டான், எப்போதாவது ஒரு கதவு நிலை. ஒரு பொருளுக்கு ஆறேழு படம். அவற்றைச் சிறிதாக்க இமேஜ்மேஜிக், தளத்தில் ஏற்ற ஆர்சிங்க். மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாகச் செய்தால் வீட்டுக்காரர் கடையிலிருந்து திரும்புவதற்குள் சோறு வடிக்க முடியாது. அதனால் இரண்டு வருஷமாக டெர்மினல்தான், எழுத்தில் கமாண்ட் அடித்து வேலை வாங்கும் திரை.

போன தீபாவளிக்கு வந்த சித்தி மகன் என் உபுண்டு லினக்ஸில் இசட் ஷெல்லும் (அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டும் நிரல்) அதன்மேல் ஓ மை இசட்ஷெல்லும் (அதற்கு ப்ளக்இன், தீம் எல்லாம் சேர்க்க உதவும் தொகுப்பு) போட்டுக் கொடுத்தான். கூடவே ஆட்டோ சஜெஷன்ஸ் என்ற ப்ளக்இன், அதாவது ஷெல்லோடு சேர்க்கும் துணை நிரல். இரண்டெழுத்து அடித்தாலே முன்பு அடித்த கமாண்ட் சாம்பல் நிறத்தில் முன்னால் வந்து நிற்கும், வலது அம்புக்குறியைத் தட்டினால் போதும். எனக்குப் பிடித்துப்போனது. அப்புறம் நானாக வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இன்று எண்ணிப் பார்த்தால் 19. கல்யாண வீட்டில் சாமான் பரப்பியது போல வரிசையாக இருக்கிறது, பாதி எதற்கென்றே தெரியாது. டெர்மினலைத் திறந்தால் ப்ராம்ப்ட் (கமாண்ட் அடிக்கச் சொல்லிக் காத்திருக்கும் வரி) வர நாலு விநாடி.

நாலு விநாடியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வியாழக்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

லேப்டாப்பில் 'படங்கள்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'எனாமல்'. சிறிதாக்கிய நகல்கள் அதில் இருக்கும். ஏற்றி முடித்ததும் அழித்துவிடுவேன். வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் 'படங்கள்', அதற்குள்ளும் 'எனாமல்'. அங்கே இருப்பது அசல். அன்று டிஸ்க்கில் நின்றுகொண்டிருந்ததை மறந்து, அழிக்கும் கமாண்டான ஆர்எம் என்று அடித்தேன். சாம்பல் எழுத்து வந்தது. வலது அம்பு, என்டர். 214 படம் போய்விட்டது. ப்ராம்ப்ட்டில் 'படங்கள்' என்றுதான் இருந்தது, எங்கே இருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் பெயர் அடித்தால் புள்ளி வரும் இடத்தில் எல்லாம் கோண அடைப்புக்குள் பூஜ்யம் பி சி டி என்று ஒரு குப்பை வருகிறது. 'எனாமல்' என்பதே 'எனாமல'வும் ஒரு குப்பையுமாகத் தெரியும். அதைப் பார்த்துப் பழகி, சாம்பல் எழுத்தைப் படிப்பதையே விட்டிருந்தேன். அதுதான் வினை.

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி உபுண்டுவோடு வரும் பாஷ் ஷெல்லுக்கே போய்விடலாமா? இல்லை, எதை வைத்துக்கொள்ளலாம்?

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

ஆச்சி, ஷெல்லை அப்புறம் பார்ப்போம். அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், அதில் இனி எதையும் எழுத வேண்டாம். அழித்த படங்கள் அநேகமாக இன்னும் டிஸ்க்கில் கிடக்கும், புதிதாக ஏதாவது எழுதினால்தான் அவற்றின் மேல் ஏறும். போட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. டெஸ்ட்டிஸ்க் என்ற பொதியோடு சேர்ந்து வரும். கோப்பின் தலைப்பகுதியை வைத்துத் தேடி எடுப்பதால் ஃபோல்டர் பெயர், கோப்புப் பெயர் எதுவும் திரும்ப வராது, படம் மட்டும் வரும். மீட்கும் படங்களை வேறு டிஸ்க்கில் போடச் சொல்லுங்கள். அதே டிஸ்க்கில் போட்டால் மீதியும் போய்விடும்.

இனி உங்கள் ஷெல். தப்பு சஜெஷன்ஸ் மேல் மட்டும் இல்லை, மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

முதலாவது அந்தக் குப்பை. பூஜ்யம் பி சி டி என்பது யூனிகோடில் நம் புள்ளியின் எண். புள்ளிக்குத் தனி அகலம் கிடையாது, முந்தைய எழுத்தின் தலையில்தான் உட்கார வேண்டும். டெர்மினலுக்கு அது தெரியுமா என்று இசட் ஷெல்லுக்குச் சந்தேகம் வந்தால் எண்ணாகவே காட்டிவிடும். இசட் ஷெல்லின் அமைப்புக் கோப்பான இசட்எஸ்எச்ஆர்சியில் (பெயருக்கு முன்னால் ஒரு முற்றுப்புள்ளி இருக்கும்) செட்ஆப்ட் போட்டு, காம்பைனிங் கேர்ஸ் என்ற ஆப்ஷனை இயக்குங்கள், இரண்டு சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு. ஒரே வரிதான். ஆப்பிள் மேக்கில் இதை அவர்களே போட்டு அனுப்புகிறார்கள், அதனால் அங்கே பலருக்கு இந்தத் தொல்லையே தெரியாது.

இரண்டாவது ப்ராம்ப்ட். தீம் என்ற தோற்ற அமைப்பை மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2009-இல் ஓ மை இசட்ஷெல்லைத் தொடங்கிய ராபி ரஸ்ஸலின் பெயரிலேயே உள்ள தீம் அது. நிற்கும் ஃபோல்டரின் கடைசிப் பெயரை மட்டும் காட்டும். வீட்டு விலாசம் கேட்டால் 'வளவு' என்று சொல்வது மாதிரி. எந்த வீட்டு வளவு? ப்ராம்ப்ட் வரியில் சதவீதக் குறியும் அலைக்குறியும் சேர்த்துப் போட்டால் முழுப் பாதையும் தெரியும். ஓ மை இசட்ஷெல் ஏறும் வரிக்குக் கீழே எழுதுங்கள், மேலே எழுதினால் தீம் வந்து அழித்துவிடும். நான் இன்னொரு வேலையும் செய்திருக்கிறேன். சிஎச்பிடபிள்யூடி என்று ஒரு ஹூக் உண்டு, ஃபோல்டர் மாறும்போதெல்லாம் ஓடும். பாதை மீடியா என்று தொடங்கினால், அதாவது வெளி டிஸ்க்கில் நின்றால், ப்ராம்ப்ட் சிவப்பாகிவிடும்.

மூன்றாவதுதான் சஜெஷன்ஸ். அதை எடுக்க வேண்டாம், வாயை மட்டும் கட்டுங்கள். ஹிஸ்டரி இக்னோர் என்று முடியும் ஒரு மாறி (மதிப்பு வைத்துக்கொள்ளும் பெயர்) அந்த ப்ளக்இன்னுக்கு உண்டு. அதில் ஆர்எம், ஒரு இடைவெளி, நட்சத்திரம் என்று கொடுத்தால் ஆர்எம்மில் தொடங்கும் எதையும் சாம்பலில் காட்டாது. அழிக்கிற கமாண்டை முழுதாக அடித்துத்தான் ஆக வேண்டும்.

நாலு விநாடிக்கு யூகமே தேவையில்லை. அதே இசட்எஸ்எச்ஆர்சி கோப்பின் முதல் வரியில் இசட்மோட்லோடு வைத்து இசட்ப்ராஃப் தொகுதியை ஏற்றுங்கள், கடைசி வரியில் இசட்ப்ராஃப் என்று மட்டும் போடுங்கள். புது டெர்மினல் திறந்தால் எது எவ்வளவு நேரம் தின்கிறது என்று பட்டியலே வரும். அதை இங்கே போடுங்கள்.

கறுப்புத்திரை எழுதியது:

இருபது வருஷமாகக் கல்லூரி ஆய்வகத்தில் மெஷின் பார்க்கிறவன் சொல்கிறேன், பாஷே போதும். பாதிப் பேர் ப்ளக்இன் தேடிப் போவது ஹிஸ்டரியைத் தேடத் தெரியாததால். பாஷுக்கு விசைகளை அமைக்கும் இன்புட்ஆர்சி கோப்பில் மேல் அம்புக்குறிக்கு ஹிஸ்டரி சர்ச் பேக்வர்ட் என்பதைக் கட்டிவிட்டால், ஆர்சிங்க் என்று அடித்து மேல் அம்பை அழுத்தும்போது ஆர்சிங்க்கில் தொடங்கியவை மட்டும் வரும். உபுண்டு பாஷுக்குக் கொடுத்திருக்கும் ஹிஸ்டரி அளவு 1000 வரிதான், அதைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ப்ளக்இன் எதுவும் இல்லாமலே இவ்வளவும் நடக்கும்.

ஷெல் எதுவானாலும் ஆர்எம்முக்கு அலையஸ் வையுங்கள், அதாவது ஆர்எம் என்று அடித்தாலே ஆங்கிலப் பெரிய எழுத்து ஐ-யும் ஆப்ஷனாகச் சேர்ந்து ஓடும்படி. சின்ன ஐ ஒவ்வொரு கோப்புக்கும் கேட்கும். கேட்டுக்கேட்டு நாமும் பார்க்காமல் ஒய் அடிக்கப் பழகிவிடுவோம். பெரிய ஐ, ஃபோல்டரை அழிக்கப் போனாலோ மூன்றுக்கு மேற்பட்ட கோப்புகளை அழிக்கப் போனாலோ ஒரே ஒரு தடவை கேட்கும்.

புதுவயல் தம்பி எழுதியது:

ஆச்சி, ஃபிஷ் ஷெல்லைப் பார்த்தீர்களா? நீங்கள் சொல்லும் சாம்பல் எழுத்து முதலில் அங்கேதான் வந்தது, இசட் ஷெல் ப்ளக்இன் அதைப் பார்த்துச் செய்தது. நிறம், சஜெஷன், டேப் எல்லாம் அதிலேயே இருக்கிறது, எதையும் ஏற்ற வேண்டாம். ஒரே சங்கடம், பாஷுக்கு எழுதிய வரிகளை அப்படியே ஒட்டினால் சில ஓடாது. மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் முறையே வேறு. தனிக் கோப்பாக இருக்கும் ஸ்கிரிப்ட்டுகளுக்குக் கவலை இல்லை, முதல் வரியில் பாஷ் என்று இருந்தால் பாஷில்தான் ஓடும்.

இசட் ஷெல்லிலேயே இருப்பதென்றால் எஃப்இசட்எஃப் ஒன்றைப் போடுங்கள். கன்ட்ரோல் ஆர் அழுத்தினால் பழைய கமாண்ட் எல்லாம் பட்டியலாக வரும், நடுவிலிருந்து நாலெழுத்து நினைவிருந்தாலும் போதும். தேர்ந்தெடுத்ததும் ஓடிவிடாது. வரியில் வந்து நிற்கும், இன்னொரு என்டர் அடித்தால்தான் ஓடும். உங்களுக்கு அந்த இன்னொரு என்டர் வேண்டும்.

ஸாக்ஸைடு என்று ஒன்று சொல்வார்கள், இசட் என்று அடித்து ஃபோல்டர் பெயரில் ஒரு துண்டைக் கொடுத்தால் அங்கே தாவும். எனக்கு உயிர். ஆனால் நீங்கள் ஒரே பெயரை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறீர்கள். அடிக்கடி போன இடத்துக்கே அது கொண்டுபோய் விடும். இசட்ஐ என்று அடித்தால் பட்டியல் காட்டிக் கேட்கும். பெயரை மாற்றும்வரை அதையே அடியுங்கள்.

பட்டாலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு முழுக்க இதில்தான் போனது.

இசட்ப்ராஃப் பட்டியலில் முதலிடம் என்விஎம். நோட் ஜேஎஸ் பதிப்புகளை மாற்றும் கருவியாம். எப்போதோ ஒரு தளத்துக்காகப் போட்டது, போன வருஷத்துக்கு அப்புறம் நான் அதைத் தொட்டதே இல்லை. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் இரண்டு விநாடிக்கு மேல் அதுவே தின்றிருக்கிறது. அதை எடுத்தேன். டேப் நிரப்பலுக்கான காம்ப்இனிட் இரண்டு தடவை ஓடியிருந்தது. ஓ மை இசட்ஷெல் ஒரு தடவை ஓட்டுகிறது, நான் எங்கிருந்தோ ஒட்டிய வரி இன்னொரு தடவை. அந்த வரியையும் எடுத்தேன். இப்போது அரை விநாடிகூட ஆகவில்லை.

19-இல் எதை விடுவது என்று முடிவு செய்ய, நான் உண்மையில் என்ன அடிக்கிறேன் என்று பார்த்தேன். ஓ மை இசட்ஷெல்லில் இசட்எஸ்எச் ஸ்டாட்ஸ் என்று அடித்தால் (நடுவில் அடிக்கோடு) அதிகம் அடித்த 20 கமாண்டை எண்ணிக்கையோடு காட்டுகிறது. சிடி, எல்எஸ், ஆர்சிங்க், மோக்ரிஃபை, எம்வி. புரோகிராமர்கள் பதிப்புகளைக் காத்து வைக்கும் கிட் பட்டியலிலேயே இல்லை. நானோ கிட் ப்ளக்இன்னை ஏற்றி, அதன் நூற்றுக்கு மேற்பட்ட சுருக்கப் பெயர்களையும் சுமந்துகொண்டிருந்தேன்.

மிச்சம் வைத்தவை நாலு. சஜெஷன்ஸ், ஆர்எம்முக்கு வாய் கட்டியபடி. தப்பான கமாண்டைச் சிவப்பில் காட்டும் சின்டாக்ஸ் ஹைலைட்டிங், அதைப் பட்டியலில் கடைசியில் வைத்தேன், இவ்வளவு நாள் நடுவில் கிடந்தது. எஸ்கேப்பை இரண்டு தடவை தட்டினால் முன்னால் சுடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சொல்) சேர்க்கும் ப்ளக்இன். ஜிப்போ டாரோ எதுவானாலும் எக்ஸ் என்று ஒரே எழுத்தில் பிரிக்கும் எக்ஸ்ட்ராக்ட், வெளியூர்க்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சுருட்டி அனுப்புவதால் அது வேண்டும். எஃப்இசட்எஃப் தனியாக வந்திருக்கிறது.

கறுப்புத்திரை அண்ணே, கோபிக்க வேண்டாம், பாஷுக்குத் திரும்பவில்லை. பெரிய ஐ மட்டும் உங்களுடையது, அது இருக்கிறது. புதுவயல் தம்பி, ஃபிஷ் இன்னொரு நாள்.

காம்பைனிங் கேர்ஸ் போட்டதும் புள்ளி தலையில் ஏறிவிட்டது. டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டருக்கு 'அசல்' என்று பெயர் மாற்றிவிட்டேன்.

போட்டோரெக் 171 படம் எடுத்துக் கொடுத்தது. 30 மெமரி கார்டிலேயே இருந்தது. 13 போனது போனதுதான், தூக்குகள் கடையில்தான் இருக்கின்றன, மறுபடி எடுக்க வேண்டும். ரஸ்தா அண்ணே சொன்னது போலப் பெயரெல்லாம் எஃப்பும் எண்ணுமாக வந்திருக்கிறது. இரண்டு நாளாகச் சாயங்காலம் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள், நான் பெயர் மாற்ற எம்வி அடிக்கிறேன். பச்சை விளிம்புத் தூக்கு ஒன்றைக் காட்டினால், 'இது மாதிரி நம்மிடமும் இருந்தது, யாருக்குக் கொடுத்தோம்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நேற்று 22 முடிந்தது.