"இதுல என்ன தெரியுது?" – பிள்ளைகளோடு டாரோட் கார்டு

குறி பார்க்கிறவர்கள் வைத்திருக்கிற படச் சீட்டுத்தான் டாரோட் கார்டு, அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் கொடுத்தேன், ஒரு தடவை தப்பும் செய்தேன், இரண்டையும் சொல்கிறேன்.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சனிக்கிழமை பின்னேரம் பதினைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். கடைசி அரை மணித்தியாலம் எழுத்துக்கு. "எங்கள் தோட்டம்" என்று எழுதச் சொன்னால் பதினைந்து பேரும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல என்றுதான் தொடங்குவார்கள். அதே பிள்ளைகள் வெளியே நின்று பேசும்போது எவ்வளவு கதை வரும்! அதைக் கொப்பிக்குள் கொண்டுவரத்தான், கொழும்பில் வேலை செய்கிற தங்கச்சியிடம் சொல்லி ஒரு செட் வாங்கினேன். "அடுத்த கிழமை அட்டை கொண்டு வாரேன்" என்றதும் ஒரு பையன் காலைத் தூக்கிப் பார்த்தான். மலையில் கொழுந்தெடுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அட்டை என்றால் இரத்தம் குடிக்கிற அட்டைதானே. அன்றிலிருந்து எங்களுக்கு அது கார்டு.

ஒரு பிள்ளையின் அப்பா வந்து, இது மை போட்டுப் பார்க்கிற மாதிரியா டீச்சர் என்று கேட்டார். நியாயமான கேள்வி. இது 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் சும்மா சீட்டு விளையாட்டாக இருந்தது, குறி பார்க்கிற பழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில்தான் பரவியது, நாங்கள் விளையாடவும் போவதில்லை, குறி பார்க்கவும் போவதில்லை, படம் பார்த்துக் கதை எழுதப் போகிறோம் என்றேன். செட்டைக் கையில் கொடுத்தேன், அவரும் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மொத்தம் 78. என்னிடம் இருப்பது 1909இல் லண்டனில் வந்த செட்டின் படங்கள், வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். கோல், கிண்ணம், வாள், காசு என்று வருகிற சின்ன கார்டுகளிலும் அவர் ஆட்களை வைத்து ஒரு சம்பவத்தை வரைந்திருக்கிறார், அதனால் வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்குக்கூட ஏதோ ஒன்று பிடிபடும். உடுப்பில்லாத பெரிய ஆட்கள் உள்ளது, பிசாசு, முதுகில் பத்து வாள் குத்திக் கிடக்கிறது, இவற்றை முதலே எடுத்து வீட்டில் வைத்துவிட்டேன். இதை எல்லாரும் செய்யுங்கள்.

முதல் நாளே தரம் 7 பிள்ளை ஒருத்திக்குப் பத்துக் கோல் கார்டு வந்தது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. படத்தில் ஒருவர் பத்துத் தடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்து, முகம் தடிகளுக்குள் புதைய நடக்கிறார், தூரத்தில் வீடுகள். சுமை, பொறுப்பு என்று படித்து வைத்திருந்ததைச் சொல்ல நான் வாயைத் திறக்க முன்னமே அவள், "டீச்சர், இவருக்கு விறகு கட்டத் தெரியாது" என்றாள். அம்மா கயிறு போட்டு இறுக்கி, சும்மாடு வைத்துத் தலையில் தூக்குவாவாம், இப்படி முன்னால் பிடித்தால் பாதை தெரியாது, குறுக்குப் பாதையில் விழுந்துவிடுவாராம். கொஞ்சம் நேரம் பார்த்துவிட்டு, "யாராவது ஒரு பக்கம் புடிச்சா போயிரலாம்" என்றாள். அன்று ஒன்றரைப் பக்கம் எழுதினாள். விறகை இறக்கி வைத்ததும் அம்மா கழுத்தைத் தடவிக்கொண்டே முதலில் கேட்பது தண்ணீர் இல்லை, "சாப்பிட்டியா"தான் என்று அதில் இருந்தது.

நான் அர்த்தம் சொல்லியிருந்தால் அந்த ஒன்றரைப் பக்கம் வந்திருக்காது. அதற்குப் பிறகு மூன்று கேள்விகள்தான் கேட்பது. இதுல என்ன தெரியுது? இதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்கும்? நீ அங்க நின்னா என்ன செய்வ? சந்திரன் கார்டில் குளம், பின்னால் இரண்டு கோபுரம். தண்ணீர் வற்றும்போது மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் வெளியே தெரிகிற பழைய கோயில் அது என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

இனி தப்பு. ஒரு பையனின் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷம், அவன் அம்மாயியோடு, அம்மாவின் அம்மாவோடு, இருக்கிறான். ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா தீவாளிக்கு வருவாங்களா டீச்சர்" என்று கேட்டு ஒன்றை உருவினான். வந்தது சூரியன், வெள்ளைக் குதிரையில் சின்னப் பிள்ளை, சுவருக்கு மேலே சூரியகாந்திப் பூ. "நல்ல கார்டுதானே" என்று சொன்னேன், அவ்வளவுதான் சொன்னேன். அவன் லயம் முழுக்க, அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றிலும், அம்மா வருகிறா என்று சொல்லியிருக்கிறான். தீபாவளிக்கு அம்மா வரவில்லை. மூன்று கிழமை அவன் வகுப்புக்கு வரவில்லை. கடைசியில் நானே லயத்துக்குப் போய் அவனிடமும் அம்மாயியிடமும் மன்னிப்புக் கேட்டேன். அம்மாயி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, பிளேன்டீ ஊற்றித் தந்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது வருமா, நடக்குமா, பாஸாவேனா என்று எதையும் கார்டிடம் கேட்கக் கூடாது. கேட்டால் கார்டைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பிள்ளையோடு பேசுகிறேன்.

அவன் திரும்ப வந்தான். ஆறு வாள் கார்டை எடுத்தான், படகில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணும் பிள்ளையும், பின்னால் கோல் ஊன்றுகிற ஆள். அம்மாயிக்குக் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனான். அம்மாயி அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்க அக்கா இப்படித்தான் போச்சு" என்றாராம். மலையகத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வைத்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்கள் அழுதுகொண்டே ஏறிப் போன ஒப்பாரிக் கோச்சி என்ற ரயில், தலைமன்னார், இராமேஸ்வரம் கப்பல் எல்லாம் அன்றைக்குத்தான் அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டான். எழுதிக்கொண்டு வந்தான், நான் ஒரு எழுத்தையும் திருத்தவில்லை.

உங்கள் பிள்ளைகளோடு எப்படிப் போனது, சொல்லுங்கள்.

*

அப்புத்தளையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் வேதக்காரர்கள், என் மனைவிக்கு இந்தக் கார்டு வீட்டுக்குள் வருவதே விருப்பமில்லை, அதை மீறி நான் கொண்டுவரவும் இல்லை. பழைய கலண்டரை வெட்டி, பின்பக்கத்தில் மகள்மார் இரண்டு பேரும் தாங்களே வரைந்தார்கள். மூடுபனி, கோச்சி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களம், ரொட்டிக்கல், உங்கள் பையன் பயந்த அந்த அட்டையும் இருக்கிறது. இரவில் ஆளுக்கு ஒன்று எடுத்து அன்றைக்கு நடந்ததைச் சொல்வோம். சின்னவள் ரொட்டிக்கல்லை எடுத்து, "இது எல்லாருக்கும் சுட்டுக் குடுக்குது, இது எப்ப சாப்பிடும்" என்று கேட்டாள். அன்றைக்கு மனைவியும் எங்களோடு வந்து உட்கார்ந்தா.

*

தலவாக்கலை. நான் மரணக் கார்டை எடுத்து வைக்க மறந்து, அது மகன் கையில் போய்விட்டது, குதிரையில் எலும்புக்கூடு. பத்து வயசுப் பிள்ளை, பயந்துவிடுவான் என்று பறிக்கப் போனேன். அவன் விடவில்லை. "எமன்தானேம்மா, காமன் கூத்துல வாரவர்" என்றான். எங்கள் தோட்டங்களில் ஆடுகிற அந்தக் கூத்தில் காமனை எரித்தாலும் மூன்றாம் நாள் எழுப்புவார்கள்தானே, அதனால்தான் பின்னால் சூரியன் வருகிறதாம். வருஷா வருஷம் விடிய விடிய கூத்துப் பார்க்கிற பிள்ளை. ஆனால் போன வருஷம் அவன் தாத்தா தவறியதைப் பற்றி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசினான், நான் பக்கத்திலேயே இருந்தேன். தனியாக விட்டிருக்கக் கூடாத கார்டு அது.

*

அப்புத்தளை அண்ணன், மகள்மாரிடம் கேட்டு அந்த ரொட்டிக்கல் கார்டை ஒரு போட்டோ எடுத்துப் போடுவீர்களா? வருகிற சனிக்கிழமை என் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். வீட்டில் கிழித்த கலண்டர் இருந்தால் கொண்டுவரச் சொல்லி அவர்களுக்கு இன்றைக்கே சொல்லிவிட்டேன்.