மாவடி வளவு குடும்பக் குழு: சனிக்கிழமை கார் ஆருக்கு?

கஜன்: அம்மா, சனி பின்னேரம் ஒல்டோவைத் தாங்கோ. நாங்கள் நாலு பேர் கிளிநொச்சிக்குப் போட்டு இரவு வந்திடுவம்.

அம்மா: இரவிலை ஏ9 றோட்டிலையோ? விசரே உனக்கு? லைசென்ஸ் இப்பத்தான் கையிலை வந்தது.

கஜன்: 18 முடிஞ்சுது, சோதினையும் பாஸ். 79 வயசிலை அம்மப்பா மொறிஸ் மைனரிலை சந்தைக்குப் போகேக்கை ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை.

அம்மப்பா (குரல் பதிவு): மோனை, உன்ரை கொம்மா பிறக்க முதலே நான் கார் ஓடினவன். ஒரு கோழியைக்கூட இடிச்சதில்லை.

அம்மா: கோழியை இடிக்கேல்லை. போன கிழமை படலைத் தூணை இடிச்சனீங்கள் அப்பா.

அம்மப்பா: தூண் சரிஞ்சு நிக்குது.

ஸ்காபரோ மாமா: எனக்கு விடியவே சண்டையோ? இஞ்சை ரெண்டு பேருக்கும் சட்டம் இருக்கு. கனடாவிலை, எங்கடை ஒன்ராறியோ மாகாணத்திலை 1994இலையிருந்து புதுசா ஓடுறவைக்குப் படிப்படியாத்தான் லைசென்ஸ். முதல் படியிலை பக்கத்திலை அனுபவமுள்ள ஆள் இருக்கோணும், நடுச்சாமம் 12இலையிருந்து விடிய 5 மட்டும் ஓடவே ஏலாது. அடுத்த படிக்கு வந்தாலும், 19 வயசு தாண்டாத பெடியன் முதல் ஆறு மாசம் அந்த நேரத்திலை தன்ரை வயசுக்காரர் ஒராளைத்தான் ஏத்தலாம்.

கஜன்: ஒராளோ? பிறகென்ன பயணம்!

ஸ்காபரோ மாமா: கூட்டாளியள் ஏறினால் ஓடுறவனுக்குப் புளுகம் ஏறும், அதுக்குத்தான். அப்பா, நீங்களும் வாசியுங்கோ: 80க்குப் பிறகு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கண் பாத்து, வகுப்பிலை இருத்தி, ஒரு மணிக்கூடு கீறச் சொல்லுவினம்.

அம்மப்பா: மணிக்கூட்டுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?

நான்: இலக்கத்தை இடம் பாத்துப் போட்டு, சொன்ன நேரத்துக்கு முள்ளு வைக்க, கண்ணும் கையும் யோசினையும் ஒண்டா ஓடோணும் அம்மப்பா. சந்தியிலை வலப்பக்கம் திருப்பேக்கையும் அதுதானே வேணும்.

லண்டன் சித்தி: இஞ்சை 70 வயசிலை லைசென்ஸ் முடியும். பிறகு 3 வருசத்துக்கு ஒருக்கா எடுக்கோணும்.

அம்மா: எங்கடை நாட்டிலை சின்ன வாகனத்துக்கு 8 வருசம். அப்பா 72இலை மெடிக்கல் எடுத்துப் புதுப்பிச்சவர். அதுக்குப் பிறகு வலக்கண்ணிலை புரை விழுந்தது லைசென்சுக்குத் தெரியுமே?

கஜன்: அப்ப நான் சொன்னது சரி. அம்மப்பாதான் ஆபத்து.

நான்: அப்பிடியில்லையடா. ரெண்டும் ரெண்டு விதம். பெடியள் அடிபடுறது வேகத்தாலை. இரவு, முடக்கு, வேறை ஒரு வாகனமும் இல்லாமலே மரத்திலையோ மதகிலையோ போய் அடிக்கிறது. மணிக்கு 70 கிலோமீற்றரிலை போற காரை 100க்கு ஏத்தினால் வேகம் ஒண்டரை மடங்குகூட ஆகேல்லை, மோதுற சக்தி ரெண்டு மடங்கு. 5இலையிருந்து 29 வயசு மட்டும் உள்ளவையின்ரை சாவுக்கு உலகத்திலை முதல் காரணமே றோட்டு விபத்துத்தான் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வருத்தம் துன்பம் எல்லாம் அதுக்குப் பிறகு.

நான்: வயசானவை பறக்கிறேல்லை. அவைக்குச் சந்திதான் சிக்கல். கழுத்துத் திரும்பாது, எதிர வாற பஸ் என்ன வேகத்திலை வருதெண்டு மட்டுக்கட்ட ஏலாது. அடி சின்னன்தான், உடம்பு தாங்காது. நீ நெஞ்சைத் தடவிக்கொண்டு எழும்பி வாற அதே அடியிலை அவருக்கு விலா முறியும். நோவிலை இரும ஏலாது, சளி கட்டி நியூமோனியா வரும். வாட்டிலை தலகாணியை நெஞ்சோடை அணைச்சுப் பிடிச்சு இருமப் பழக்கிறது என்ரை வேலை.

கஜன்: அப்ப அவை சாகிறது மோசமா ஓடுறதாலை இல்லை, எலும்பாலை.

நான்: அதுவும்தான். அதோடை அந்த மொறிஸ் மைனர். பெல்ற் இல்லை, காத்துப் பை இல்லை. ஸ்ரியறிங் தண்டு நெஞ்சுக்கு நேர நிக்கிற இரும்பு. இப்பத்தைய கார்களிலை அடிபட்டால் அது மடியும். அதிலை மடியாது.

அம்மப்பா: அது இரும்புக் கார். ஒல்டோ தகரம்.

நான்: கார் நசியாட்டில் அடி முழுக்க உள்ளை இருக்கிற ஆளுக்கு அம்மப்பா.

அம்மப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: என்ன எழுதி அழிச்சனீங்கள் அப்பா? அடுப்பிலை புட்டு நிக்குது, கெதியா முடிவைச் சொல்லுங்கோ.

அம்மப்பா: காலமை மட்டும் எடுக்கிறன். பொழுதுபட்டால் தொடேல்லை. பலாலி வீதியிலை வலப்பக்கம் திருப்பாமல் ஒழுங்கையாலை வாறன். காணுமே?

அம்மா: கண் டொக்டர்?

கஜன்: நாங்கள் விடியப் போய் இருட்ட முதல் வாறம். ரெண்டே பேர்.

அம்மா: பின்சீற்றிலை இருந்தாலும் பெல்ற் போடோணும்.

ஸ்காபரோ மாமா: போனைக் கொம்மாட்டைக் குடுத்திட்டுப் போ மருமோன்.

கஜன்: மப் பாக்கிறதெப்பிடி?

ஸ்காபரோ மாமா: ஏ9 நேர் றோட்டடா. என்ன மப்?

அம்மப்பா (குரல் பதிவு): கஜன், வெள்ளிக்கிழமை என்னைக் கண் டொக்டரிட்டை ஏத்திக்கொண்டு போ. 50ஐத் தாண்டினியோ, அந்த இடத்திலையே இறங்கிடுவன்.

கஜன்: அந்த நேரம் கொக்குவில் சந்தியடியிலை 20இலை போனாலே பெரிய காரியம் அம்மப்பா.