வெல்ஃபயர் இடதுபக்கக் கதவு பாதியில் திரும்புகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். வண்டி 2020 டொயோட்டா வெல்ஃபயர், 2.5 பெட்ரோல் ஹைப்ரிட், ஜப்பானிலிருந்து முழு வண்டியாக வந்தது. ஊர் காட்பாடி. சித்திரை வெயில் ஏறியதிலிருந்து இடதுபக்க பவர் ஸ்லைடிங் கதவு (மோட்டாரில் தானாக நகர்ந்து திறந்து மூடுவது) மூடும்போது பாதியில் பீப் அடித்து மறுபடி திறந்துகொள்கிறது. காலையில் பெரும்பாலும் மூடிவிடும். மதியம் வெயிலில் நின்றால் கண்டிப்பாக மக்கர் பண்ணுகிறது. வலது கதவில் இந்தத் தொல்லை இல்லை.

அப்பாவை ஆஸ்பத்திரிக்கு வீல்சேரிலிருந்து ஏற்றி இறக்குவது இந்தக் கதவு வழியாகத்தான்.

ஃபியூஸ் பார்த்தாச்சு. கதவு ஓடும் ரெயில்களைத் துடைத்து (பாலாற்றங்கரை, மண்தூசிக்குக் குறைவில்லை) சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தோம். 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி மாட்டியும் பார்த்தோம். கதவின் பவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையால் தள்ளினால் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. அதனால் ரோலர் காரணமில்லை என்று நினைக்கிறேன். ராணிப்பேட்டையில் பார்த்த மெக்கானிக் மோட்டார், கேபிள் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். எனக்குக் கதவின் முன்விளிம்பு ரப்பருக்குள் இருக்கும் சென்சார் மேல்தான் சந்தேகம். கை சிக்கினால் கதவைத் திருப்புவது அதுதானே.

பாகத்துக்கு ஆர்டர் போடுமுன், கோளாறு சென்சாரிலா, மோட்டார் கேபிளிலா என்று எப்படிச் சோதித்து உறுதி செய்வது?