கவுன்சில் வீட்டின் சோதனைக் காலத்தை நீட்டிவிட்டார்கள், யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். லண்டனில் அக்காவுக்குப் போன வருடம் கவுன்சில் வீடு (உள்ளாட்சி நிர்வாகம் வாடகைக்குத் தரும் வீடு) கிடைத்தது. முதல் 12 மாதம் சோதனைக் காலம். இப்போது வாடகை பாக்கியைக் காட்டி இன்னும் 6 மாதம் நீட்டிப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில் முதல் பணம் வர 5 வாரம் ஆகுமே, அந்த இடைவெளியில் விழுந்த பாக்கி அது. அப்புறம் முழுவதும் கட்டியாகிவிட்டது.

14 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். சோதனைக் காலத்தில் கவுன்சில் நடைமுறையைச் சரியாகச் செய்துவிட்டால், வீட்டைக் காலி செய்யச் சொல்வதைக் கோர்ட்டில் தடுப்பது மிகக் கடினம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு, பயமாக இருக்கிறது.

இப்படி ரிவ்யூ கேட்டவர்கள் இருக்கிறீர்களா? எழுதிக் கொடுத்தால் போதுமா, நேரில் பேசுவது நல்லதா? பாங்க் ஸ்டேட்மென்ட்டோடு வேறென்ன வைக்கலாம்? தமிழில் பேசும் வீட்டுவசதி ஆலோசகர் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.