அப்பா தொலைக்காட்சித் திரையில் பிடித்த விண்வெளி ஓடப் படங்கள் ஆல்பத்தில் ஒட்டிவிட்டன, உதவுங்கள்

கல்லடிக்காரன்:
1980களில் இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியில் விண்வெளி ஓடம் ஏவுவதைக் காட்டும்போதெல்லாம் அப்பா தம் யாஷிகா கேமராவோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். கார் பேட்டரியில் ஓடிய தொலைக்காட்சி அது. பாதி ஊர் எங்கள் விறாந்தையில்தான் இருக்கும். நெகட்டிவ்கள் 2004 சுனாமியில் போய்விட்டன. ஆல்பம் செங்கலடியில் மாமி வீட்டில் இருந்ததால் தப்பியது. மொத்தம் 14 படங்கள்.

பசை பூசிய அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பம். ஒரு படத்தை இழுத்துப் பார்த்தேன், மூலை கிழிந்துவிட்டது. எல்லாப் படங்களும் சிவந்து போயிருக்கின்றன. பலவற்றில் குறுக்கே சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை. கைபேசியால் எடுத்தால் அலை அலையாகக் கோடுகள் வருகின்றன. இரண்டு படங்களில் பிளாஷ் பட்டுத் திரை வெள்ளையாகிவிட்டது. அவற்றை எறிந்துவிடலாம் என்றிருக்கிறேன்.

இன்னொரு வழக்கும் உண்டு. அப்பா ஒரு படத்தின் கீழே "முதல் ஓடம், 1981" என்று எழுதியிருக்கிறார். ரூபவாஹினியே 1982 பெப்ரவரியில்தான் தொடங்கியது என்று தம்பி மல்லுக்கு நிற்கிறான்.

அக்கரைப்பற்று ஸ்டூடியோ:
தம்பி, இனி ஒன்றையும் இழுக்காதீர்கள். முதலில் பிளாஸ்டிக் தாளை மட்டும் மெல்ல உயர்த்தி, பக்கத்தை அட்டையோடே ஸ்கேனரில் வையுங்கள். பிரிக்கும்போது கெட்டுப்போனாலும் பிரதி கையில் இருக்கும். பிறகு, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகில்லா நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு வாள் அறுப்பதுபோல் நகர்த்துங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், அட்டையோடே இருக்கட்டும். தண்ணீர் காட்ட வேண்டாம். படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின்; நனைந்தால் இளகிவிடும். பூஞ்சணம் இருந்தால் நன்றாக உலர்ந்த பிறகு மென்மையான தூரிகையால் தட்டினால் போதும்.

பிரித்தவற்றை அமிலமற்ற தாள் உறையில் போடுங்கள். வாவிப் பக்கச் சுவரோடு ஒட்டிய அலுமாரியில் மட்டும் வைக்காதீர்கள். அந்த ஈரம் எனக்குத் தெரியும், என் கடையில் ஒரு மழைக்காலத்திலேயே இரண்டு லென்ஸ்களைத் தின்றது.

வந்தாறுமூலை:
சிவப்புக்குக் காரணம் அந்தக் காலத் தாளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கியது. கணினியில் ஓரளவு மீட்கலாம். ஆனால் திருத்தாத கோப்பைத் தனியே வைத்திருங்கள்.

கறுப்புப் பட்டை பழுதல்ல. நம் தொலைக்காட்சி ஒரு நொடிக்கு 25 முழுப் படங்களை 50 அரைப் படங்களாகக் கோடு கோடாக வரைந்தது. கேமராவின் ஷட்டர் அதைவிட வேகமாகத் திறந்து மூடினால் வரைந்து முடிக்காத பகுதி இருட்டாக விழும். உங்கள் அப்பா 1/125 நொடியில் வைத்திருப்பார். 1/15 என்றால் பட்டை வந்திராது. அதை அழிக்காதீர்கள். இது திரையில் பார்த்துப் பிடித்த படம் என்பதற்கு அந்தப் பட்டைதான் சாட்சி.

அலைக்கோடுகள், திரையின் கோடுகளும் கைபேசி உணரியின் கட்டங்களும் மோதுவதால் வருபவை. தட்டையான ஸ்கேனரில் அங்குலத்துக்கு 1200 புள்ளி அடர்த்தியில் எடுத்துப் பிறகு சிறிதாக்குங்கள். படத்தை ஸ்கேனரில் சற்றுத் திருப்பி வைத்தாலும் குறையும்.

ஆண்டுச் சண்டைக்கு ஒரு தடயம்: 1981இல் போன முதல் இரண்டு பயணங்களில் மட்டுமே பெரிய எரிபொருள் தொட்டிக்கு வெள்ளை பூசியிருந்தார்கள். 1982 மார்ச்சில் மூன்றாவது பயணத்திலிருந்து எடையைக் குறைக்கப் பூச்சை விட்டுவிட்டார்கள், தொட்டி செம்பழுப்பாயிற்று. உங்கள் படம் சிவந்திருப்பதால் நிறத்தை நம்பாதீர்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டு வெள்ளை ஏவூர்திகளோடு ஒப்பிட்டுத் தொட்டி கறுத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிளாஷ் பட்ட இரண்டையும் எறியாதீர்கள். திரை போயிருக்கும், ஆனால் அறை படத்தில் விழுந்திருக்கும்.

கல்லடிக்காரன்:
தொட்டி நன்றாகவே கறுத்திருக்கிறது. தம்பிக்கே வெற்றி. அப்பா எழுதியதை அழிக்கவில்லை. கீழே இன்னொரு குறிப்பை மட்டும் சேர்த்திருக்கிறேன். குடும்பக் குழுவுக்கு எப்படி அனுப்புவது? வாட்ஸ்அப்பில் போட்டால் கலங்கிவிடுகிறது.

அக்கரைப்பற்று ஸ்டூடியோ:
படமாக அனுப்பாமல் ஆவணமாக இணையுங்கள், சுருங்காது. ஒரு பிரதி வேறு வீட்டிலும் இருக்கட்டும். செங்கலடி மாமி வீடு ஒருமுறை காப்பாற்றிய வீடுதானே.

கல்லடிக்காரன்:
அனுப்பிவிட்டேன். பிளாஷ் படத்தைப் பெரிதாக்கினால் பதினோரு பேர் தெரிகிறார்கள். அப்பம்மாவும் இருக்கிறார், வெற்றிலைத் தட்டோடு. தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.