வார்சிட்டி ஓட்ட அணியில் சேர வழி சொல்லுங்கள்

ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன். மகள் 12ஆம் வகுப்பு, 800 மீட்டர் ஓடுகிறாள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் வார்சிட்டி புளூஸ் அணியில் ஓட வேண்டும் என்பது அவள் ஆசை. விடியற்காலையில் ஓடிவிட்டு வந்து, பனியில் நனைந்த சப்பாத்தை ஹீட்டர் பக்கத்தில் காயவைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள்.

யூ ஸ்போர்ட்ஸ் (கனடாப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள்) தடகளம் குளிர்காலத்தில், உள்ளரங்கில் நடப்பது. ஒரு சுற்று 200 மீட்டர்தான். இவள் ஓடிப் பழகியதோ வெளியே, 400 மீட்டர் தடத்தில். அந்தக் குறுகிய வளைவுகளுக்கு எப்படிப் பழக்குவது? பயிற்றுநருக்கு அவளுடைய நேரங்களை இப்போதே எழுதி அனுப்பலாமா, அனுமதி கிடைத்த பிறகா?

உதவித்தொகை கிடைத்தால் நல்லது, அதைவிடப் படிப்பும் பயிற்சியும் சேர்ந்து பிள்ளையைக் களைக்கவைத்துவிடுமோ என்பதுதான் என் பயம். அங்கே ஓடியவர்கள், அவர்களுடைய அம்மா அப்பா யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.